கண்வலிக்கிழங்குக் கொடியைத் தின்ற ஆடு

கேள்வி: அரை ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறேன். விதை எடுத்தபின் கொடியை வேலியோரம் இழுத்துப் போட்டேன். அங்கே மேய்ந்த இரண்டு ஆடுகளில் ஒன்று செத்துவிட்டது. மற்றதற்கு ரத்தக் கழிச்சல். ‘மூலிகைதானே, அதனால் சாகாது, வேறு நோயாக இருக்கும்’ என்கிறார் விதை வாங்கும் வியாபாரி. வீட்டிலேயே கொடுக்க முறிவு மருந்து உண்டா? நடவுக்கான கிழங்கை வீட்டில் வைத்திருக்கிறேன், பூசணம் வராமல் எப்படிக் காப்பது?

பதில்: முறிவு மருந்து இல்லை. கால்நடை மருத்துவரை இன்றே அழையுங்கள். தின்ற சில மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவர் கொடுக்கும் கரித்தூள் (அடுப்புக்கரி அல்ல, மருந்துக்கென்று தயாரித்தது) கொஞ்சம் உதவும். இப்போது கழிச்சலில் போகும் நீரை ஈடுகட்டுவதுதான் முக்கிய வேலை. எண்ணெயைப் புகட்டாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ‘எப்படியும் சாகப்போகிறது’ என்று அறுத்து விற்கவும் வேண்டாம். செத்ததை ஆழமாகப் புதையுங்கள்.

வியாபாரி சொன்னது பொய். இந்தச் செடியின் விதையை அவர் வாங்குவதே அதிலுள்ள கோல்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காகத்தான்; நஞ்சும் அதுதான். செல்கள் பிரிந்து பெருகுவதை அது நிறுத்திவிடும். குடலின் உள்தோல் சில நாளுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்வது. அதனால் முதல் அடி அங்கேதான், அடுத்து எலும்பு மஜ்ஜையில். தின்றவுடன் ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் கழிச்சல் தொடங்கும். ‘வேறு நோய்’ என்று சொல்லித் தப்பிக்க அந்த இடைவெளி வசதியாகிவிடுகிறது. மருந்தும் நஞ்சும் ஒரே பொருள் என்று தெரிந்தே மறைப்பவரிடம் விவசாய ஆலோசனை கேட்காதீர்கள்.

நீங்கள் பூசணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குக் கவலை அந்தக் கிழங்கு வீட்டுக்குள் இருப்பதுதான். கலப்பை போலக் கவைத்திருக்கும்வரை அதை அடையாளம் தெரியும், அதனால்தான் கலப்பைக்கிழங்கு என்ற பெயரே வந்தது. முனை ஒடிந்த துண்டு வள்ளிக்கிழங்கோடு கிடந்தால், அவசரத்தில் சமைப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கோல்சிசின் மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் போனாலே பிழைப்பது அரிது. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 மில்லிகிராம்கூடத் தேவையில்லை, அதற்குக் குறைவாகப் போயும் இறந்திருக்கிறார்கள். கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும், விதையில் பெரும்பாலும் இன்னும் அதிகம். ‘சின்னத் துண்டுதானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘சுத்தி’ என்று நஞ்சைக் குறைத்து மருந்தாக்குவது சித்த மருத்துவம் முறையாகக் கற்றவர் வேலை, வீட்டு அடுப்பில் செய்வதல்ல.

ஆகவே தோட்டத்திலேயே பூட்டுள்ள தனி அறை. அதற்கென்றே தனிச் சாக்கு, தனி முறம், தனிக் கத்தி; எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சாக்கின் மேல் வெறுமனே ‘கிழங்கு’ என்று எழுதாமல் ‘விஷம்’ என்று எழுதுங்கள். விதை உலர்த்தும் களத்தில் தானியத்தைக் காயவைக்காதீர்கள், சிந்திய விதையைக் கூட்டி அள்ளுங்கள். குழந்தைகளைக் காவலுக்கு உட்காரவைக்கவே கூடாது. கையுறை இல்லாமல் விதை பிரிக்க ஆள் விடாதீர்கள். கொடியை அன்றன்றே குழியில் போட்டு மூடியிருந்தால் ஆடும் பிழைத்திருக்கும்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திராமல் செடியையோ கிழங்கையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். கையில் காட்ட எதுவும் இல்லாவிட்டால் சாதாரண வாந்திபேதி என்றே பார்ப்பார்கள்.

பூசணத்துக்கு: காயம்பட்ட கிழங்கைக் கழித்துவிட்டு, நிழலில் ஆறவைத்து, உலர்ந்த மணலில் பரப்புங்கள். உயிரோடிருக்கும் ஆடு பால் கொடுப்பதாக இருந்தால், மருத்துவர் சொல்லும்வரை அந்தப் பாலைக் குடிக்காதீர்கள், குட்டியையும் அதனிடம் விடாதீர்கள்.