முதலில் இறக்கத்தைப் பாருங்கள்

மலையக நகரங்களில் சைக்கிள் வாங்க நினைக்கும் வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு, கண்டியில் சைக்கிள் திருத்தும் கடை நடத்துபவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

அண்ணா, பஹிரவகந்தைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வேலை பேராதனையில். காலை பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. கடையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மவுண்டன் சைக்கிள் ஒன்றையும், ஸ்பிரிங் இல்லாத சாதாரண கியர் சைக்கிள் ஒன்றையும் ஒரே விலைக்குக் காட்டினார்கள். மலைக்கு எது சரி?
*வாசகர், கண்டி*

தம்பி, ஸ்பிரிங் இல்லாததையே வாங்குங்கள். அதே விலைக்கு இரண்டு ஸ்பிரிங் தருகிறார்கள் என்றால் அந்தக் காசை வேறு எங்கோ குறைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பிரேக்கிலும் கியரிலும்தான் கை வைப்பார்கள். மலிவான பின் ஸ்பிரிங் சைக்கிள் 17, 18 கிலோ வரும். ஏற்றத்தில் நீங்கள் மிதிக்க மிதிக்க அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும்பி உங்கள் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நீங்கள் போகப்போவது தார் ரோடு. குழிக்கு டயரில் உள்ள காற்றே போதும்.

சைக்கிள் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வது? அதனால் எந்த சைக்கிளை என் முன்னால் நிறுத்தினாலும் நான் பிரேக்கில் இருந்துதான் பார்க்கத் தொடங்குவேன். நீங்களும் அப்படியே பாருங்கள்.

ஆளும் பையும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். 100 மீற்றர் உயரத்தில் இருந்து மெதுவாகப் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால், அந்த இறக்கத்தின் சக்தி பெரும்பாலும் பிரேக்கில் சூடாகத்தான் போய்ச் சேரும். ஒரு கோப்பை தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற அளவு சூடு அது. காய்ந்த நாளிலேயே இப்படி. மழையில் சக்கரத்தின் வெளி வளையமான ரிம் நனைந்து, ரோட்டு மண்ணும் அதில் ஒட்டிக்கொண்டால் பிரேக் கட்டை கண்முன்னே தேயும்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் போதும். அதை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு ரிம். பளபளவென்று அழகாக இருக்கும், ஆனால் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். ஒட்டாவிட்டால் அலுமினியம். மழையிலும் இது எவ்வளவோ மேல். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் வைத்த சைக்கிளில் இரும்பு ரிம் இருந்தால், கண்டிக்கு அதை வாங்கவே வேண்டாம். கடைக்காரர் ஆயிரம் சொல்லட்டும், என் பதில் இதுதான்.

டிஸ்க் பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. பிரேக் பிடிக்கிற அந்த வட்டத் தகடு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் ரோட்டுத் தண்ணீரும் சேறும் அதில் குறைவாகவே படும். வயரால் இழுக்கும் டிஸ்க் போதும், ஒயில் வைத்தது தேவையில்லை. ஆனால் மலிவான டிஸ்க்கை அடிக்கடி சரிபார்த்து இறுக்க வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், கடினமில்லை. ரிம்மை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற, நல்ல கட்டை போட்ட வி-பிரேக்கும் அலுமினிய ரிம்மும் உங்கள் கைக்கு வந்தால், மட்டமான டிஸ்க்கை விட அதுவே மேல்.

அப்புறம் கியர். கடையில் "21 கியர்" என்று எண்ணிக்கை சொல்வார்கள். அந்த எண்ணிக்கையை விட, இருப்பதில் மிக லேசான கியர் எது என்பதுதான் முக்கியம். குந்தி உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பெடல் பக்கத்தில் உள்ள மிகச் சிறிய சக்கரத்தில் எத்தனை பல், பின் சக்கரத்தில் உள்ள மிகப் பெரியதில் எத்தனை பல். பின்னால் இருப்பது கூட இருக்க வேண்டும். முன்னால் 28, பின்னால் 34 என்றால் 26 அங்குல சக்கரம் பெடலின் ஒரு சுற்றுக்கு 1.7 மீற்றர்தான் நகரும். நடக்கிற வேகம்தான், ஆனாலும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். கியரே இல்லாத பெரிய சைக்கிள் ஒரு சுற்றுக்கு 5 மீற்றருக்கு மேல் போகும். அதை வைத்துக்கொண்டு பஹிரவகந்தைக்கு மிதிப்பது முழங்காலுக்குச் செய்கிற கொடுமை.

உங்கள் பாதையில் கஷ்டமான இடம் வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான். டவுனுக்கு இறங்கிவிட்டால் கெட்டம்பே வழியாகப் பேராதனை வரை சுமார் 6 கிலோமீற்றர், பெரும்பாலும் மட்டமான ரோடு. அதனால் முள் முள்ளாக இருக்கிற தடித்த டயர் வேண்டாம். ஒன்றரை அங்குலம், ஒன்றேமுக்கால் அங்குல அகலத்தில் மேற்பரப்பு வழுவழுப்பாக உள்ள டயர் போடச் சொல்லுங்கள். சத்தமும் இல்லை, மிதிக்கவும் லேசு.

அளவும் பாருங்கள். மேல் பாரின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றால், பாருக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. சீட்டைத் தாழ்த்தி வைத்து மிதித்துவிட்டு முழங்கால் வலிக்கிறது என்று வருகிறவர்கள்தான் என் கடையில் அதிகம். சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாலே பாதிப் பேருக்கு வலி போய்விடுகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் அறைக்கு ரோட்டில் இருந்து எத்தனை படி? கண்டியில் பாதி வீடுகள் ரோட்டுக்கு மேலே, பாதி ரோட்டுக்குக் கீழே. தினமும் இரண்டு வேளை தோளில் தூக்கிப் படியேற வேண்டும் என்றால் 13 கிலோவுக்கும் 18 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். கடையிலேயே ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எங்கள் மகள் தரம் 10 படிக்கிறாள். வீடு நுவரெலியா ரேஸ் கோர்ஸ் பக்கம். பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள் போதுமா? பாவாடையோடு ஓட்ட வேண்டும்.
*தாய் ஒருவர், நுவரெலியா*

டவுனுக்குள் மட்டும் என்றால் போதும் அக்கா. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் ஏரியைச் சுற்றியும் ரேஸ் கோர்ஸைச் சுற்றியும் ரோடு மட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் டியூஷன் நானுஓயாப் பக்கம் என்றால் கதை வேறு. போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். அப்படியானால் பின்னால் மட்டும் ஆறேழு கியர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

நடுப்பார் தாழ்ந்த சைக்கிளும் முழுச் செயின் கவரும் பாவாடைக்கு அவசியம். பின் சக்கரத்தின் மேல்பாதிக்கு வலைக் கவர் கிடைத்தால் அதையும் போடுங்கள்.

அங்கே எனக்குப் பெரிய கவலை பனிமூட்டம்தான். மத்தியானத்திலும் இறங்கி ரோட்டை மறைத்துவிடும். பின்னால் ஒரு சிவப்பு லைட், முன்னால் ஒரு வெள்ளை லைட், பகலிலும் எரிய வேண்டும். மகளின் மழைக்கோட் கறுப்பாகவோ கடும் நீலமாகவோ இருந்தால் மாற்றி, மஞ்சள் வாங்கிக் கொடுங்கள். வளைந்து இறங்கும் பஸ் டிரைவருக்கு அந்த மஞ்சள்தான் முதலில் தெரியும். ஹெல்மட்டையும் முதல் நாளிலேயே பழக்கிவிடுங்கள்.

தாத்தா தோட்ட ஆபிஸில் வேலை செய்தபோது ஓட்டிய ராலே சைக்கிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக், 28 அங்குல சக்கரம். திருத்தித் தினமும் ஓட்டலாமா?
*வாசகர், கம்பளை*

திருத்துங்கள், கட்டாயம் திருத்துங்கள். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் செய்த அந்தக் காலத்து ராலேயின் இரும்பு இன்றைக்கு வருகிற பல புது சைக்கிள்களில் கிடையாது. பேரிங் குண்டுகளை மாற்றி, கிரீஸ் போட்டு, புது டயர் டியூப் போட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும். 28 அங்குல டயருக்குப் பஞ்சமில்லை, யாழ்ப்பாணப் பக்கம் இன்னும் அந்த அளவு சக்கரத்தில் ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆனால் ஓட்டும் இடத்தைத் தெரிந்து ஓட்டுங்கள். அந்தப் பிரேக் ரிம்மின் உட்பக்கத்தைக் கீழிருந்து மேலே இழுத்துப் பிடிப்பது. ரிம்மும் இரும்பு. மட்டமான ஊருக்குச் செய்த பிரேக் அது. அலுமினிய ரிம் போட்டுத் தாருங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இப்போது இருக்கிற இரும்பு ரிம் அந்தப் பிரேக் வேலை செய்வதற்கென்றே வளைத்தது, மற்ற ரிம்மில் அந்தப் பிரேக் பிடிக்காது. ரிம்மை மாற்றினால் பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டும், அப்புறம் அது தாத்தாவின் சைக்கிளாக இருக்காது. கம்பளை டவுனில், மகாவலி ஓரமாக, மழையில்லாத வேளையில் ஓட்டுங்கள். மலை ரோட்டில் இறக்காதீர்கள்.

ஹட்டனில் ஒருவர் 2022 இல் வாங்கிய சைக்கிளை இப்போது விற்கிறார். நம்பி வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?
*வாசகி, ஹட்டன்*

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் அவசரமாக வாங்கிய சைக்கிள்கள் இப்போது நிறைய விலைக்கு வருகின்றன. பல சைக்கிள்கள் அதிகம் ஓடாதவை, வராந்தாவிலோ படிக்கட்டுக்குக் கீழேயோ நின்றவை. ஓடாததனால் புதிது என்று எண்ண வேண்டாம். ஹட்டன் ஈரத்தில் சும்மா நிற்கிற சைக்கிள்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிரேக் கட்டையைப் பார்த்தபடி இருங்கள். ரிம் ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகினால் கோணல். கொஞ்சம் என்றால் சக்கரக் கம்பியை இறுக்கிச் சரிசெய்யலாம். பெடல் கையை உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் நடு பேரிங் தேய்ந்துவிட்டது. ரிம்மின் பக்கத்தில் விரல் வையுங்கள். பிரேக் கட்டை உரசும் இடம் குழிந்திருந்தால் ரிம் தேய்ந்தது, விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். ஃப்ரேமில் குழாய்கள் சேரும் இடங்களைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். செயின், டயர், டியூப், வயர், கட்டை எல்லாம் மாற்றக் கூடியவை. வாங்கியதும் பிரேக் வயரும் கட்டையும் கண்ணை மூடிக்கொண்டு புதிதாகப் போடுங்கள், பெரிய செலவில்லை.

வாங்கும் முன் உங்கள் ஊரில் சைக்கிள் திருத்துபவரிடம் அந்த அளவு டியூபும் அந்த மாதிரிக் கட்டையும் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் கண்டிக்கு பஸ் ஏறுவதாக இருந்தால் அது உங்களுக்கான சைக்கிள் இல்லை.

பெடலுக்குக் கீழே, ஃப்ரேமின் அடியில் அடித்திருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஃப்ரேம் இலக்கம், திகதி போட்டு ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.