பிஓஇ ஸ்விட்ச்சில் போர்ட் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 8 போர்ட் பிஓஇ ஸ்விட்ச்சில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் ஸ்விட்ச்) எட்டு கேமராக்கள் இருக்கின்றன. இடி மழைக்கு அப்புறம் 3, 4-ஆம் போர்ட் கேமராக்கள் வரவே இல்லை. 8-ஆம் போர்ட் கேமரா பகலில் நன்றாக ஓடுகிறது, இரவானால் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. மல்டிமீட்டரில் 3-ஆம் போர்ட்டில் வோல்ட்டே காட்டவில்லை. கேமரா போட்டவர் ஸ்விட்ச்சையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே புது ஸ்விட்ச்சால் தீர்க்கப் பார்த்தால் பணம் போகும், 8-ஆம் கேமரா அப்போதும் இரவில் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கலாம்.

முதலில் மல்டிமீட்டர் விஷயம். அது காட்டியதை வைத்து போர்ட் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. முறையான பிஓஇ ஸ்விட்ச் எந்நேரமும் 48 வோல்ட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்காது. 10 வோல்ட் அளவுக்குள் ஒரு சின்ன மின்னழுத்தத்தை விட்டுவிட்டு அனுப்பி, எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை தெரிகிறதா என்று தேடும். தெரிந்தால்தான், வந்திருப்பது பிஓஇ கருவி என்று நம்பி 44 முதல் 57 வோல்ட்டுக்குள் முழு மின்சாரத்தைத் தரும். அதனால் கேமரா இல்லாத போர்ட்டில் மீட்டரை வைத்தால் நல்ல போர்ட்டும் வெறுமையாகத்தான் தெரியும். (24 வோல்ட்டை எப்போதும் தந்துகொண்டிருக்கும் பாஸிவ் வகை வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

சரி, 3-ஆம் போர்ட்டுக்கு வருவோம். ஸ்விட்ச்சின் பவரை அணைத்து, எல்லா கேபிளையும் கழற்றி, ஓரிரு நிமிடம் விட்டுப் போடுங்கள். பிழை கண்டு தன்னைப் பூட்டிக்கொண்ட போர்ட் சில நேரம் இதிலேயே திரும்பி வரும். அப்படியும் வராவிட்டால், நன்றாக ஓடும் 2-ஆம் போர்ட்டின் கேபிளை 3-இல் மாற்றிச் சொருகுங்கள். மின்சாரம் ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால் பின்களில் பொறி பறந்து தேய்மானம் வரும், ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் அணைத்துவிடுங்கள்.

மாற்றிய கேமரா 3-இல் உயிர்பெற்றால் உங்கள் போர்ட் நன்றாக இருக்கிறது, கோளாறு பழைய கேபிளிலோ கேமராவிலோதான். இந்த மாதிரிப் புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவதே கேமரா முனையில் இருக்கும் இணைப்பைத்தான், அதுவும் மழைக்கு அப்புறம் வந்த கோளாறு என்றால் சொல்லவே வேண்டாம். கேமராவோடு வரும் வாட்டர்ப்ரூஃப் மூடியைப் போடாமல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்குகிறது, மின்சாரமும் ஈரமும் சேர்ந்து பின்கள் பச்சை பூத்துப்போகின்றன, அந்த ஈரத்தின் வழியே கசியும் மின்னோட்டத்தால் ஸ்விட்ச் தேடுகிற 25 கிலோ ஓம் சரியாகத் தெரியாமல் போகிறது, அது மின்சாரம் தர மறுக்கிறது. ஸ்விட்ச் இங்கே தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, பழி மட்டும் அதன்மேல். துடைத்துவிட்டுப் போடாதீர்கள், பச்சை பூத்த பகுதியை வெட்டிவிட்டுப் கேபிள் முனையில் புது ஆர்ஜே45 பிளக்கை கிரிம்ப் செய்யுங்கள் (அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). கேமரா பக்க சாக்கெட்டிலும் அரிப்பு இருந்தால் கேமராவிலிருந்து வெளியே தொங்கும் அந்தச் சிறு வயரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மாற்றிய கேமராவும் 3-இல் வரவில்லையா? அப்போது போர்ட்டைச் சந்தேகிக்கலாம். ஆனாலும் ஒரு போர்ட்டுக்குள் டேட்டாவுக்கும் பவருக்கும் சுற்று வேறு வேறு, இடியில் பவர் சுற்று மட்டும் போய் டேட்டா பிழைத்திருப்பது உண்டு. லேப்டாப்பை அதில் சொருகிப் பாருங்கள். லிங்க் விளக்கு எரிந்து நெட்வொர்க்கும் வந்தால் டேட்டா உயிரோடு இருக்கிறது, நடுவில் ஒரு பிஓஇ இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரத்தைத் தனியாகச் சேர்க்கும் சிறு கருவி) வைத்தால் அதே போர்ட்டில் கேமராவை ஓட்டலாம். விளக்கே எரியவில்லை என்றால் அந்த போர்ட்டை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். பவர் தரும் சிப் ஒன்று பெரும்பாலும் நாலு அல்லது எட்டு போர்ட்டைச் சேர்த்துக் கவனிக்கும், 1 முதல் 4 வரை ஒன்றாகப் போயிருந்தால் சிப் போயிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். உங்களுக்கு 1, 2 ஓடுகின்றன, எனவே 4-ஐயும் இதே மாதிரி தனியாகச் சோதியுங்கள்.

இனி 8-ஆம் போர்ட். இரவில் மட்டும் என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. இருட்டியதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், பகலில் 4, 5 வாட் இழுத்த கேமரா 8, 9 வாட் இழுக்கும், எட்டும் ஒரே நேரத்தில். ஸ்விட்ச்சின் அடியில் மொத்த பிஓஇ பட்ஜெட், அதாவது எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து அது தரக்கூடிய மின்சாரம், எத்தனை வாட் என்று போட்டிருக்கும். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம் என்பது உண்மை, ஆனால் 65 வாட் ஸ்விட்ச் எட்டு போர்ட்டுக்கும் அதைச் சேர்த்துத் தராது. தட்டுப்பாடு வந்தால் பெரும்பாலும் கடைசி எண் போர்ட்டைத்தான் முதலில் கழற்றிவிடும். கேமரா பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச வாட்டை எல்லாம் கூட்டிப் பாருங்கள். பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வந்தால் ஒன்றிரண்டு கேமராவை இன்ஜெக்டருக்கு மாற்றினாலே போதும்.

பட்ஜெட் தாராளமாக இருந்தும் ரீஸ்டார்ட் ஆனால் அந்த கேபிளின் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். அலுமினியத்துக்குச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்தடை. நீளமான கேபிளில் ஐஆர் எரியும் நேரத்தில் வோல்ட் சரிந்து கேமரா விழும், இதற்கு முழுச் செம்பு கேபிள் இழுப்பதே சரியான தீர்வு. ஸ்விட்ச் முகப்பில் இருக்கும் எக்ஸ்டெண்ட் பட்டனைத் தள்ளிச் சரிசெய்யப் பார்ப்பார்கள், அது தூரத்துக்காக வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கும், வோல்ட்டை ஏற்றாது.

3, 4 இரண்டுமே இடியில்தான் போயின என்று உறுதியானால், அந்தக் கேபிள்கள் மொட்டை மாடி வழியாகவோ காம்பவுண்டு ஓரமாகவோ போகின்றனவா என்று பாருங்கள். போனால், புதிய கேமரா மாட்டுவதற்கு முன்பே அந்த இரண்டு கேபிளுக்கும் பிஓஇ சர்ஜ் ப்ரொடெக்டர் (இடியால் பாயும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போட்டு, அதன் எர்த் வயரை கட்டடத்தின் எர்த்தில் சேருங்கள். எர்த் இணைக்காத ப்ரொடெக்டர் அடுத்த இடிக்கு உங்களுக்கு உதவாது.