ஒன்பது இரவில் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ், மிலன்: எந்தப் பகுதியில் தங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: முதல் தடவை இத்தாலி, மே மாத விடுமுறை, நான்கு ஊர், ஒன்பது இரவு, ஒவ்வொரு ஊரிலும் எந்தப் பகுதியில் தங்குவது, அறை எத்தனை போடுவது. யார் யார் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. மே மாதம் என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. அறை எத்தனை என்று குழம்புகிறீர்கள் என்றால் அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ கூட்டிக்கொண்டு போகிறீர்கள். என் ஊகம் தப்பு என்றால் மன்னித்துவிட்டு அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள். சரி என்றால், பகுதியெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், ஊர் சுற்றுவதில் நான் பெரிய ஆள் இல்லை. இத்தாலிக்குப் போனது ஒரே ஒரு தடவை, 2024 மே மாதம். இங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை ஐரோப்பா போகிறவர்கள் இருக்கிறீர்கள். "ஒரு முதுகுப்பை போதும், ஹாஸ்டலில் படுத்துக்கொள்ளலாம், இதற்கெல்லாம் ஒரு பதிலா?" என்பீர்கள். உங்களுக்கு முட்டி நன்றாக இருக்கிறது, சந்தோஷம். நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், எட்டு வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய அப்பா, இரண்டு முட்டியும் தேய்ந்த அம்மா. பெட்டி நாலு. அதில் ஒன்று முழுக்க அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு குட்டி எலக்ட்ரிக் குக்கர்.

நானும் முதலில் உங்களைப் போல நாலு ஊர்தான் போட்டேன். எக்செல்லில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கலர் அடித்துப் பார்க்க அம்சமாக இருந்தது. ஊர் மாறுகிற நாளுக்குத்தான் கலர் அடிக்க மறந்துவிட்டேன். காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் சாவி கொடுப்பார்கள். ரோமிலிருந்து ஃபிளாரன்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் பெட்டி கட்டி, ஸ்டேஷனுக்குப் போய், இறங்கி, வீட்டைத் தேடி, மறுபடி பெட்டியைப் பிரித்து அம்மாவின் மாத்திரையைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த நாள் போச்சு. நாலு ஊர் என்றால் அப்படி மூன்று நாள். அதனால் மிலனைத் தூக்கினேன். ரோம் நாலு, ஃபிளாரன்ஸ் மூன்று, வெனிஸ் இரண்டு. "மிலன் போகாமல் என்ன இத்தாலி?" என்று என் நாத்தனார் கேட்டார். அவர் பத்து நாளில் ஏழு நாடு என்கிற பேக்கேஜில் போனவர். எந்த நாட்டில் என்ன பார்த்தீர்கள் என்றால் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் சொல்வார்.

விமானம் ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து ஏறுகிற மாதிரி பார்த்தேன். டிக்கெட் தளங்களில் 'மல்டி சிட்டி' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கித் தேடுங்கள். எங்களுக்கு ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் சொச்சம்தான் கூடியது. ரோமுக்கே திரும்பி வந்து ஏறுவதென்றால் வெனிஸிலிருந்து நாலு மணி நேர ரயிலும், ஒருவேளை இன்னொரு இரவு வாடகையும் தண்டம்.

இனி என் கதை. ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று காகிதம் காட்ட வேண்டும். அதற்காக எல்லோரும் செய்கிறபடி, பணம் கட்டாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பிடித்துப் போட்டு, விசா வந்த பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். விசா வந்தது, நிதானம் வரவில்லை. ஆபீஸில் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு அரைத் தூக்கத்தில் பிடித்த ஃபிளாரன்ஸ் வீடு அப்படியே நின்றுவிட்டது. போட்டோவில் ஒரு ஜன்னல், ஜன்னல் நிறைய டுவோமோ என்கிற பெரிய தேவாலயத்தின் செங்கல் நிறக் குவிமாடம். சமையலறை உண்டு, துணி துவைக்கும் மெஷின் உண்டு, மூன்றாம் தளம். லிஃப்ட் பற்றி உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. எழுதாவிட்டால் இல்லை என்றுதான் அர்த்தம். இப்போது தெரிகிறது.

மூன்றாம் தளம் என்றால் நம்மூர் மாதிரி தரைத்தளத்துக்கு மேலே மூன்று என்பது எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் தரைக்கும் முதல் மாடிக்கும் நடுவில் தாழ்வான ஒரு அரை மாடி இருந்தது. அதற்கு அவர்கள் ஊரில் தனிப் பெயர் உண்டு, தளக் கணக்கில் அது வராதாம். ஆனால் படி வருமே! கல் படி, நடுவில் தேய்ந்து குழிந்த படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். கணவர் இரண்டு இரண்டு பெட்டியாக ஏற்றினார். அப்பா, பையனைப் பிடிக்கிறேன் என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அம்மா ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, "முருகா, முருகா" என்று எண்ணிக்கொண்டே வந்தாள். முப்பதாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, பழனியிலயாவது விஞ்ச் இருக்கு. இங்கே அதுவும் இல்லையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் இரண்டாவது மாடியில் ஒரு கதவு திறந்து, அம்மா வயதில் ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். உள்ளே போய் சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து படிகளுக்கு நடுவே இருந்த தளத்தில் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். இரண்டு கையையும் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டி, "பியானோ, பியானோ" என்றார். அம்மா என்னைப் பார்த்து, "இப்ப எதுக்கு இவங்க பியானோங்கறாங்க?" என்றாள். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். அவர்கள் மொழியில் மாடிக்கும் அதே சொல்தான்.

மொத்தம் 84 படி. குவிமாடத்தின் உச்சிக்கு ஏற 463 படி என்று டிக்கெட் தளத்தில் எச்சரிக்கை போட்டிருந்தார்கள். கோயிலுக்கு எச்சரிக்கை உண்டு, வீட்டுக்கு இல்லை. அந்த மூன்று நாளில் அம்மா கீழே இறங்கியது கடைசி நாள், கிளம்பும்போது மட்டும். உஃபிஸி ஓவியக் கூடத்துக்கு எடுத்த ஐந்து டிக்கெட்டில் ஒன்று வீண். அம்மா என்னவோ குறைப்படவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து குவிமாடத்தைப் பார்த்தாள், எதிர்வீட்டில் கப்பி வைத்த கயிற்றை இழுத்து இழுத்துத் துணி காயப்போடுவதைப் பார்த்தாள், வத்தக்குழம்பு வைத்தாள். எனக்குத்தான் ஆறவில்லை. அவ்வளவு செலவு செய்து அம்மாவை ஒரு ஊருக்குக் கூட்டிப்போய் மாடியில் பூட்டி வைத்த மாதிரி.

அந்த முதல் ராத்திரியே வெனிஸ் புக்கிங்கைத் திறந்து பார்த்தேன். ஊர் நடுவில் ரியால்டோ பாலத்துப் பக்கம் எடுத்திருந்தேன். மேப்பைப் பெரிதாக்கி, ஸ்டேஷனிலிருந்து அதுவரை நீலக் கோடுகளை விரல் வைத்து எண்ணினேன். ஒவ்வொரு நீலக் கோடும் ஒரு கால்வாய், ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு பாலம், அநேகமாக எல்லாப் பாலத்துக்கும் இரண்டு பக்கமும் படி. அந்த ஊரில் நானூறுக்கும் மேல் பாலங்கள், டாக்ஸி வாசல்வரை வராது. நல்லவேளை, ரத்து செய்ய அன்று நடுராத்திரிவரை நேரம் இருந்தது. மாற்றிப் பிடித்தது ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து இடது பக்கம் போகிற தெருவில், லிஸ்டா தி ஸ்பான்யா என்று பெயர். அந்தத் தெரு முடிந்து குல்யே பாலம் வருகிறவரை ஒரு பாலமும் குறுக்கே கிடையாது. பெட்டியை உருட்டிக்கொண்டே போகலாம். கடையும் கூட்டமுமான தெரு, அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா தன் காலால் நடந்து உள்ளே போனாள். வாசல்வரை படி இல்லை, உள்ளே லிஃப்ட் இருந்தது. சாயங்காலம் ஒன்றாம் நம்பர் படகு பஸ்ஸில் பெரிய கால்வாய் முழுக்க உட்கார்ந்தபடியே பார்த்தாள். வெனிஸில் பார்க்க வேண்டியதில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

தீவுக்கு வெளியே, நிலப்பகுதியில் இருக்கிற மெஸ்த்ரேயில் தங்கினால் பாதி வாடகை என்று இங்கே ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். தப்பில்லை, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். இளவயதுக்காரர்கள் தாராளமாகச் செய்யலாம். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது, அதனால் 2024 ஏப்ரலில் அவர்கள் ஆரம்பித்த, தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கான கட்டணம், முதல் வருஷம் ஐந்து யூரோ, அங்கே தங்கினாலும் கிடையாது. ஆனால் மத்தியானம் கால் கடுக்கிறது என்றால் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து வர முடியுமா? அம்மா அப்பாவோடு போனால் அந்த ஒரு மணி நேரம்தான் வாடகைக்குக் கிடைக்கிற லாபம்.

ரோமுக்கு டெர்மினி ஸ்டேஷன் பக்கத்தை யோசிக்காமல் எடுங்கள். "அழுக்கு, திருட்டு" என்று பயமுறுத்துவார்கள். சாந்தா மரியா மஜ்ஜோரே கோயில் இருக்கிற பக்கம் பார்த்துப் பிடித்தால் ராத்திரி பத்து மணிக்கும் குடும்பமாக நடக்கலாம், நாங்கள் நடந்தோம். சென்ட்ரல் பக்கத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கியவர்களுக்கு டெர்மினி ஒன்றும் பிரமாதமில்லை. மெட்ரோவின் ஏ, பி இரண்டு லைனும் அங்கே சந்திக்கின்றன. கொலோசியம் இரண்டாவது ஸ்டாப், வத்திக்கானுக்கு ஆறாவது. விமான நிலையத்திலிருந்து நேர் ரயில், 32 நிமிஷம், நாங்கள் போனபோது ஆளுக்கு 14 யூரோ. டாக்ஸிக்கும் நிர்ணயக் கட்டணம் உண்டு, மூன்று நாலு பேருக்கு அதுவே தேவலை. நாங்கள் ஐந்து பேர் நாலு பெட்டி, ஒரு டாக்ஸியில் அடங்க மாட்டோம் என்று ரயிலில் போனோம். பக்கத்தில் எஸ்குலினோ சந்தை, நிறைய வங்காளதேசத்துக்காரர்கள் கடை. பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் பார்த்ததும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஹோட்டல் லிஃப்ட் இரண்டு பேருக்குமேல் கொள்ளாது. பெட்டியை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு, மேலே யாராவது நின்று வாங்க வேண்டும். இருந்தாலும் லிஃப்ட் லிஃப்ட்தான். அறையைக் காலி செய்யும்போது நகர வரி என்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள். நாங்கள் போனபோது மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு ஆளுக்கு ஒரு இரவுக்கு ஆறு யூரோ, பத்து வயதுக்குக் கீழே இல்லை. நாலு பேர் நாலு இரவு, 96 யூரோ. புக்கிங் விலையில் இது அடங்காது, ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

லிஃப்ட் என்று எழுதும்போதே ரத்தம் கொதிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தாண்டிப் போகிறவர்கள் போகலாம். அப்பா அம்மா சென்னையில் இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட். அங்கே லிஃப்ட் நின்று இரண்டு மாதம் ஆகிறது. மோட்டார் மாற்ற ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால், தரைத்தளத்து இரண்டு வீடும் "நாங்கள் லிஃப்டே ஏறுவதில்லை, எதற்குத் தர வேண்டும்?" என்கிறார்கள். போன வெயிலில் மொட்டைமாடியில் வடாம் போட யார் அண்டா அண்டாவாக மாவைக் கூழாக்கி லிஃப்டில் ஏற்றியது என்று கேட்கலாம், கேட்டால் பகை. செக்ரட்டரி வாட்ஸாப்பில் கை கூப்பும் பொம்மை போடுகிறார், அதோடு சரி. அம்மா கூடையில் கயிறு கட்டி இறக்கிக் கீரை வாங்குகிறாள். ஃபிளாரன்ஸில் மூன்று நாள் தங்க வந்தவளுக்கு அந்தப் பாட்டி நாற்காலி போட்டார். இங்கே பதினெட்டு வருஷமாகப் பக்கத்தில் குடியிருப்பவர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறை எத்தனை என்றால், பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று, குளியலறை உள்ளேயே இருக்கிற மாதிரி. வீடா ஹோட்டலா என்றால், சமையலறைக்காக ஒரு ஊரில் மட்டும் வீடு, அதுவும் மூன்று இரவுக்குக் குறையாமல். ஒன்றிரண்டு இரவுக்கு ஹோட்டல். வீட்டுக்காரருக்குப் பணம் கட்டும் முன்னால் இரண்டே கேள்வி அனுப்புங்கள்: தெருவிலிருந்து உங்கள் கதவுவரை மொத்தம் எத்தனை படி, லிஃப்ட் உண்டா. மாடி எத்தனை என்று கேட்காதீர்கள். போனில் பேசினால், "சே லாஷென்சோரே?" என்று கேட்டால் போதும், லிஃப்ட் இருக்கிறதா என்பதற்கு அதுதான். பதிலில் "அழகான பழைய கட்டடம்" என்று வந்தால் வேறு வீடு பாருங்கள்.

ஊருக்கு வந்ததும் அந்த ஃபிளாரன்ஸ் வீட்டுக்கு விமர்சனம் போட்டேன். ஜன்னல் அருமை, வீடு சுத்தம், லிஃப்ட் இல்லை, படி 84, எண்ணியது என் அம்மா. வீட்டுக்காரர் பணிவாக நன்றி எழுதியிருந்தார். போன வாரம் உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். விளம்பரத்தில் இன்னும் மூன்றாம் தளம் என்றுதான் இருக்கிறது.