ஹாலிவுட்டில் ஏன் பாகம் 2, பாகம் 3 என்றே வந்துகொண்டிருக்கிறது? 'ஃபிரான்சைஸ்' என்றால் என்ன?

ஒரே கதாபாத்திரங்களையும் கதை உலகத்தையும் வைத்துப் பல படங்கள், தொடர்கள், பொம்மைகள் என்று விரித்துக்கொண்டே போவதுதான் ஃபிரான்சைஸ்.

காரணம் பணம் மட்டுமல்ல, பயமும்தான். ஒரு பெரிய படத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல்கூடச் செலவாகலாம். விளம்பரச் செலவு தனி. அவ்வளவு பணத்தை யாருக்கும் தெரியாத ஒரு கதையில் போட நிறுவனம் தயங்கும். தெரியாத ஊரில் பசியோடு இறங்கினால், நமக்குப் பெயர் தெரிந்த ஹோட்டலைத்தானே முதலில் தேடுகிறோம்? பக்கத்துச் சந்து மெஸ்ஸில் சாப்பாடு இன்னும் ருசியாக இருக்கலாம், ஆனாலும் கால் அங்கே போகாது.

டிஸ்னி அந்தப் 'பெயர் தெரிந்த ஹோட்டல்களை' விலைக்கே வாங்கியது: 2006இல் அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்ஸார், 2009இல் சூப்பர்ஹீரோ கதைகளின் மார்வெல், 2012இல் 'ஸ்டார் வார்ஸ்' விண்வெளிப் படங்களை வைத்திருந்த லூகாஸ்ஃபிலிம். மார்வெலுக்கும் லூகாஸ்ஃபிலிமுக்கும் கொடுத்த விலை தலா சுமார் 400 கோடி டாலர். அப்புறம் 2019இல் தொடங்கிய டிஸ்னி பிளஸ் என்ற ஓடிடி தளத்தில் அதே உலகங்களிலிருந்து தொடர்கள் வந்தன. படம், தொடர், பொழுதுபோக்குப் பூங்கா என ஒன்று மற்றொன்றுக்கு ஆள் சேர்த்துவிடுகிறது. இதில் எனக்கு வருத்தம், நடுத்தரச் செலவில் எடுக்கும் படங்களுக்குத் திரையரங்கில் இடம் சுருங்கிப்போனதுதான்.

சரி, மக்களுக்குப் புதுக்கதையே பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: 2021இல் நெட்ஃபிளிக்ஸில் உலகமே பார்த்த 'ஸ்க்விட் கேம்' எதன் தொடர்ச்சியும் அல்லாத ஒரு கொரியக் கதை.