‘தி இன்டர்ன்’ படம் முதியவரைக் கேலி செய்கிறதா?

காரைக்குடியில் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலை தேடும் ஒருவரின் கேள்வி இது. கேலி செய்யவில்லை என்பதே என் உறுதியான எண்ணம். நான்சி மேயர்ஸ் எழுதி இயக்கிய இந்த 2015ஆம் ஆண்டுப் படத்தில், தொலைபேசி எண் புத்தகம் அச்சிடும் நிறுவனத்தில் நெடுங்காலம் பொறுப்பு வகித்து ஓய்வுபெற்ற 70 வயதுக்காரராக வரும் ராபர்ட் டி நீரோ, இணையத்தில் ஆடை விற்கும் நிறுவனத்தில் பயிற்சி பெறும் ஊழியராகச் சேர்கிறார். பழைய கைப்பெட்டியைத் திறந்து பேனா, கால்குலேட்டர், கடிகாரம் என்று ஒவ்வொன்றாக அவர் மேசையில் அடுக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் எல்லோரும் கண்டும் காணாமல் விட்டிருந்த, சாமான் குவிந்த மேசையைக் காலையில் முன்னதாகவே வந்து ஒழுங்குபடுத்துபவரும் அவர்தான். பர்மாவின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, சில்லறை வேலை பழகி, முகவரின் உதவியாளரான அடுத்தாளாக உயர்ந்தவர்களின் ஊரில் இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. முதலாளியம்மாவின் குடும்பச் சிக்கலுக்குள் நுழையும் பின்பாதி மட்டும் எனக்குச் சற்றுத் தொய்வாகப் பட்டது.