சாரினும் கிளைபொசேட்டும் ஒரே குடும்பமா?

வணக்கம். உயர்தர இரசாயனவியல் மாணவர்களுக்குச் சொற்பட்டியல் ஒன்று தயாரிக்கிறேன். 'போர் நச்சு' என்பதன் கீழே நரம்பு நச்சு, அதன் கீழே சேதனப் பொசுபரசுச் சேர்வை, அதன் கீழே சாரின் என்று எழுதினேன். அப்படியென்றால் தேயிலை மலையில் புல்லுக்கு அடிக்கிற கிளைபொசேட்டும் போர் நச்சா என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். எங்கே பிழை?
— ஓர் ஆசிரியை, ஹட்டன்

அன்புள்ள டீச்சர்,

பிள்ளை சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறாள். மூன்றாவது படியை எடுத்துவிடுங்கள். அது மூலக்கூற்றின் அமைப்பைச் சொல்கிறது. நரம்பு நச்சு என்பதோ உடலில் நடப்பதைச் சொல்கிறது.

உடலில் நடப்பதை வைத்துப் பிரித்தால் முக்கியமாக நான்கு: நரம்பு நச்சு (தபுன், சாரின், சோமன், வீஎக்ஸ்), கொப்புள நச்சு (கடுகு வாயு, லூவிசைட்), மூச்சடைக்கும் நச்சு (குளோரீன், பொஸ்ஜீன்), குருதி நச்சு (ஐதரசன் சயனைட்டு). 'நச்சு வாயு' என்று தலைப்பிட வேண்டாம். கடுகு வாயுவே சாதாரண வெப்பநிலையில் திரவம்தான்.

சாரின், மலேரியாவுக்கு இலங்கையில் தெளித்த மலத்தியன், கிளைபொசேட் மூன்றிலும் பொசுபரசு உண்டு. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசற்றைல்கோலினைச் சிதைக்கிற அசற்றைல்கோலினெஸ்தரேஸ் நொதியத்தைச் சாரின் முடக்குகிறது. மலத்தியன் உடலில் மாற்றமடைந்து அதே வேலையைச் செய்கிறது, வீரியம்தான் மிகக் குறைவு. கிளைபொசேட்டின் வழி வேறு: தாவரம் சில அமினோ அமிலங்களை ஆக்கத் தேவையான நொதியத்தை அது தடுக்கிறது. அந்த நொதியம் மனிதரிடம் இல்லை. (அதற்காகக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது, செறிந்த கரைசலைக் குடித்தவர்கள் இறந்திருக்கிறார்கள்.) மறுபக்கம், காபமேற்று வகைப் பூச்சிநாசினியான காபோபியூரானில் பொசுபரசே இல்லை, ஆனால் முடக்குவது சாரின் முடக்கும் அதே நொதியத்தை. இரண்டுக்கும் முறிமருந்தாக அத்ரோப்பீன் கொடுப்பது அதனால்தான்.

ஆகவே 'கோலினெஸ்தரேஸ் தடுப்பி' என்று தனித் தலைப்பு போடுங்கள். நரம்பு நச்சு, சேதனப் பொசுபரசுப் பூச்சிநாசினி, காபமேற்று மூன்றும் அதன் கீழ் வரட்டும். நரம்பு நச்சுக்குப் 'போர் நச்சு' இன்னொரு மேற்சொல் (மேல் தலைப்பு). ஒரு சொல்லுக்கு இரண்டு மேற்சொல் இருப்பதில் தவறில்லை.

மூன்றாவது பிரிப்பு சட்டத்தினுடையது. 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கையில் சாரின் முதலாம் அட்டவணை, பொஸ்ஜீன் மூன்றாம் அட்டவணை. குளோரீன் எந்த அட்டவணையிலும் இல்லை. குடிநீர்த் தாங்கிக்கு அது வேண்டும். ஆனால் ஆளைக் கொல்ல விட்டால் அதுவும் இரசாயன ஆயுதமே, ஏனென்றால் உடன்படிக்கை நோக்கத்தையும் பார்க்கிறது. முதலாம் உலகப் போரில், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பரில் விட்டது குளோரீன்தான்.

கண்ணீர்ப்புகையை 'கலகம் அடக்கும் பொருள்' என்று தனியே வைத்து, போர் முறையாகப் பாவிக்கத் தடை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.