மூடினாலும் தூங்காத லேப்டாப்

கேள்வி: அண்ணே, ஆபீஸ்ல லேப்டாப்ப மூடி பேக்ல போட்டு காட்பாடில ரயில் ஏறுறேன், சென்னைல இறங்கி தொறந்தா தோசைக்கல்லு மாதிரி சுடுது, 80 சதவீதம் இருந்த சார்ஜ் 30 ஆயிடுது. மூடினா தூங்கணும்ல? இன்னாதான் பண்றது?
- வாசகர், குடியாத்தம்

பதில்: தூங்கணும்தான் தம்பி, ஆனா இப்போ வர நெறைய விண்டோஸ் லேப்டாப்ல இருக்கறது மாடர்ன் ஸ்டாண்ட்பைங்கற கோழித்தூக்கம், மூடி வச்சாலும் உள்ள நெட், அப்டேட்னு ஏதாவது முழிச்சிகிட்டு ஓடும், அந்த சூடு பேக்குள்ள வெளிய போக வழியில்லாம தங்கிடும், அதுவும் நம்ம வேலூர் மே மாச வெயில்ல கேக்கவே வேணாம்.

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போயி மூடிய மூடினா இன்னா செய்யணும்ங்கற எடத்த தொறங்க. பேட்டரிக்கு ஒண்ணு, சார்ஜர்ல இருக்கும்போது ஒண்ணுன்னு ரெண்டு பக்கம் இருக்கும். யாராச்சும் பெரிய மானிட்டர் மாட்டறப்போ, லேப்டாப்ப மூடி வச்சே ஓட்டறதுக்காக பேட்டரி பக்கமும் 'டூ நத்திங்', அதாவது ஒண்ணும் செய்யாதேன்னு வச்சிட்டு மறந்திருந்தா மெஷின் தூங்கவே தூங்காது, மொதல்ல அத பாருங்க. என்னக் கேட்டா பேட்டரிக்கு ஹைபர்னேட் வைங்க, ராம்ங்கற தற்காலிக மெமரில இருக்கறத டிஸ்க்ல எழுதிட்டு மொத்தமா அணைஞ்சிடும், தொறக்க கொஞ்ச நேரம் கூட ஆகும், ஆனா சுடாது. சார்ஜர் பக்கம் ஸ்லீப்பே போதும்.

இன்னொண்ணு, மூடி மூடினத பல லேப்டாப் காந்தத்த வச்சுதான் கண்டுபிடிக்குது, காந்தம் வச்ச போன் கவர கீபோர்டு ஓரத்துல வச்சா தொறந்திருக்கும்போதே ஸ்கிரீன் அணைஞ்சிடும். எனக்கு ஆச்சு, ரெண்டு நாள் டிஸ்ப்ளே போச்சுன்னு பொலம்பிட்டு இருந்தேன்.